மின்னல் விழாத வீட்டிலும் மின்கருவிகள் கருகுவதேன்?



சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை இடிமழைக்குப் பின்னும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களிலும் நம் ஊர்களில் தவறாமல் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "எங்கோ இடித்தது, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி போயிற்று" என்பார் ஒருவர். குளிர்பதனப் பெட்டி மறுநாள் காலை குளிரவில்லை என்பார் மற்றொருவர். பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றால், உள்ளிருக்கும் பலகையை வெளியே எடுத்து, கருகிய இடத்தைச் சுட்டி, "வோல்டேஜ் கூடிவிட்டது" என்று இரு சொற்களில் முடித்துவிடுவார். நாமும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். நம் வீட்டின் மீதும் இடி விழவில்லை, நம் தெருவிலும் விழவில்லை. அப்படியிருக்க, வரவேற்பறையில் சும்மா நின்ற பெட்டிக்குள் அந்தத் தீ எப்படி நுழைந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இதனை எழுதுபவன் மின்பொறியியல் கற்றவன் அல்லன். கலைப்பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்துபவன். நூல்களைப் புரட்டியும், அனுபவமிக்க மின்பணியாளர்களைத் துருவித் துருவிக் கேட்டும் தெளிந்தவற்றையே தங்கள் முன் வைக்கிறேன். ஒரு வகையில் இது நல்லதே. பொறியாளர் எழுதியிருந்தால் இரண்டாம் பத்தியிலேயே சூத்திரங்கள் வந்து நின்றிருக்கும்.

கம்பியைத் தொடாமலே அதில் மின்சாரத்தை எழுப்ப முடியும் என்பதை 1831-ஆம் ஆண்டு லண்டனில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஏறி இறங்கும்போது, அதன் அருகிலுள்ள மற்றொரு கம்பியிலும் மின்னழுத்தம் பிறக்கிறது. ஏற்ற இறக்கம் எவ்வளவு விரைவாக நிகழ்கிறதோ, அவ்வளவு வலிமையாகப் பிறக்கிறது. டிரான்ஸ்பார்மரும் மின்னாக்கியும் இயங்குவது இவ்விதியால்தான். வானொலிப் பெட்டியில் செய்தி கேட்டு வளர்ந்த மூத்தோருக்கு இதன் மறுபக்கம் நன்கு நினைவிருக்கும். தொலைவில் மின்னல் வெட்டினால் இங்கே வானொலி 'கரகர'வென்று இரையும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் தொலைக்காட்சித் திரையில் புள்ளிகளும் கோடுகளும் ஓடும். இதனை மின்காந்த இடையூறு என்பர். காதுக்கு எரிச்சல், கண்ணுக்கு உறுத்தல் என்ற அளவில் அது நின்றுவிட்டால் தொல்லையில்லை. ஆனால் வானொலியில் கரகரப்பாகக் கேட்பதும், தொலைக்காட்சிப் பலகையைக் கருக்குவதும் ஒரே காரணத்தின் சிறிய உருவும் பெரிய உருவுமே.

எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்னோட்டம் 4 ஆம்பியர் அளவு. சாதாரண மின்னல் ஒன்றில் பாய்வது ஏறத்தாழ 30,000 ஆம்பியர். அதுவும் ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு சில கூறுகளுக்குள்ளேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அது செல்லும் காற்றுப்பாதை சூரியனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு வெப்பமடைகிறது. இத்தகைய ஒன்று அடுத்த ஊர் வயல்வெளியில் இறங்கினாலும், தெருத்தெருவாகக் கம்பங்களில் நீண்டு கிடக்கும் கம்பிகள் வலை விரித்தாற்போல் அதன் அதிர்வை வாங்கிக்கொள்கின்றன. வாங்கியதை வீடுதோறும் கொண்டுவந்து சேர்க்கின்றன. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறுகிய நேரத்திற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வந்து போகிறது. இதையே மின்பெருக்கு என்கிறோம். விளக்கு ஒரு முறை சிமிட்டும், அவ்வளவே நம் கண்ணுக்குத் தெரியும். நகக்கண் அளவுகூட இல்லாத மின்னணுச் சில்லுகளுக்கோ அதுவே போதும்.

நீண்ட கம்பி தானே மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு வரலாற்றில் வியப்பான சான்று ஒன்று உண்டு. 1859 செப்டம்பர் 1 அன்று ரிச்சர்ட் கேரிங்டன் என்ற ஆங்கில வானியலாளர் சூரியனின் முகத்தில் பேரொளி ஒன்று வெடித்தெழுவதைக் கண்டார். ஒரு நாள் கழிவதற்குள் அதன் வீச்சு பூமியைத் தாக்கியது. அமெரிக்காவின் பாஸ்டன், போர்ட்லாந்து நகரங்களுக்கு இடையே தந்தி அனுப்பிக்கொண்டிருந்த பணியாளர் இருவரும் தத்தம் பேட்டரிகளைக் கழற்றிவிட்டார்கள். அதன்பின் வானிலிருந்து கம்பிக்குள் இறங்கிய மின்சாரத்தைக் கொண்டே செய்தி பரிமாறிக்கொண்டார்கள்! வேறு சில இடங்களில் தந்திக் கருவிகளிலிருந்து தீப்பொறி பறந்தது, பணியாளர்களுக்கு அதிர்ச்சி தாக்கியது.

அதே சூரியப் புயல் சிறிய அளவில் 1989 மார்ச் 13 அன்று மீண்டும் வந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வடக்கே உள்ள அணைகளிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கம்பிகள் வழியாக மின்சாரம் வருகிறது. அந்த மண்ணின் அடித்தளம் முழுதும் கடினமான பழம்பாறை. பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. பூமிக்குள் பரவியிருக்க வேண்டிய மின்னோட்டம் அங்கே வழியில்லாமல் மின்வாரியத்தின் கம்பிகளிலேயே ஏறிக்கொண்டது. மின்னலைப் போல் பாய்ந்து வராமல், மெல்ல ஏறி இறங்கும் ஓட்டமாகவே அது வந்தது. ஆயினும் அதிகாலை 2.44 மணியளவில் தொடங்கிய குலைவு, இரண்டு நிமிடம் முடிவதற்குள் மாகாணம் முழுவதையும் இருளில் ஆழ்த்திவிட்டது. 60 இலட்சம் மக்களுக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. அதே புயலில் அமெரிக்காவின் சேலம் அணுமின் நிலையத்துப் பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்றும் பாழாயிற்று. (நம் சேலம் அன்று, நியூஜெர்சியில் அப்பெயரில் ஓர் ஊர் உண்டு.) மண் ஏற்க மறுத்ததைக் கம்பி சுமக்க நேர்ந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் கதையிலும் அதுவே மையமாக வரப்போகிறது.

வானம் மட்டுமே குற்றவாளி என்று எண்ணிவிட வேண்டாம். நாமே ஒரு சுவிட்சைத் தட்டும்போதும் மின்பெருக்கு பிறக்கிறது. தண்ணீர் மோட்டார் நிற்கும் கணம், பட்டறையில் வெல்டிங் தொடங்கும் கணம், போன மின்சாரம் திரும்பி வரும் கணம் ஆகிய எல்லாவற்றிலும் சிறியதும் பெரியதுமாக அது எழுகிறது. ஒரு மின்வழங்கலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்த நொடிப்பொழுது என்ன செய்யும் என்பதற்கு, 1967 ஜூலை 29 அன்று வியட்நாமை ஒட்டிய டாங்கின் வளைகுடாவில் நின்ற 'ஃபாரஸ்டல்' என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் கொடுஞ்சான்று. மேல்தளத்தில் நின்ற போர்விமானம் ஒன்றின் மின்வழங்கலை, கப்பலிலிருந்து விமானத்தின் சொந்த மின்னாக்கிக்கு மாற்றினார்கள். அப்போது எழுந்த மின்பெருக்கு, இறக்கையில் தொங்கிய ஏவுகணையை யாரும் விசையைத் தொடாமலே கிளப்பிவிட்டது. அது தளத்தின் குறுக்கே பாய்ந்து எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. தீ பரவிக் குண்டுகள் வெடித்து 134 பேர் மாண்டனர். ஏவுகணைகளுக்கு இருந்த பாதுகாப்பு ஊசியும் இணைப்பும் வேலை விரைவாக முடியட்டும் என்பதற்காக முன்கூட்டியே மாற்றப்பட்டிருந்தன என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. வேலை எளிதாகட்டும் என்று பாதுகாப்பை அகற்றும் இவ்வழக்கத்தின் சிறு பதிப்பு நம் சமையலறைகளிலேயே இருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னர் வருகிறேன்.

மின்பெருக்கைத் தடுத்து நிறுத்த முடியுமா? முடியாது. சுவர் கட்டித் தடுத்தால் தாண்டிக் குதிக்கும். நம் முன்னோர் ஏரிக்குக் கலிங்கு கட்டிய முறையே இதற்கும் தீர்வாக அமைந்திருக்கிறது. ஏரி நிறையும் வரை கலிங்கு சும்மா நிற்கும். மட்டம் மீறியவுடன் மிகுநீர் அதன் மேல் வழிந்து கால்வாயில் இறங்கும், கரை தப்பும். 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவன ஆய்வுக்கூடத்தில் துத்தநாக ஆக்சைடுப் பொடியைச் சுட்டுச் செய்த வில்லை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இயல்பான வோல்ட் உள்ளவரை அது மின்சாரத்தைக் கடத்தாது. குறித்த அளவை மீறியவுடன் நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் வழிதிறந்து, மிகுதியைத் தன்னூடே வெளியேற்றும். பெருக்கு வடிந்ததும் தானே மூடிக்கொள்ளும். மெயின் போர்டில் பொருத்தும் மின்பெருக்குக் காப்பான்களிலும், கடைகளில் விற்கும் 'ஸ்பைக் கார்டு' பெட்டிகளில் தரமானவற்றிலும் இருப்பது இந்த வில்லையே. (தரமற்றவற்றில் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே வெறும் செப்புப் பட்டைகள்.)

கலிங்கு இருந்து, அதன் கீழ்க் கால்வாய் தூர்ந்து கிடந்தால் என்னாகும்? நம் இல்லங்களில் பெரும்பாலும் இதுவே நிலை. ஒரு கம்பிக்கும் மற்றொரு கம்பிக்கும் இடையே வரும் பெருக்கைக் காப்பான் எர்த் இல்லாமலும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் இடியால் இரு கம்பிகளிலும் ஒருசேர ஏறி வருவதை இறக்கிவிட மண்ணைத் தவிர வேறிடம் கிடையாது. எர்த் என்பது அதற்கான கால்வாய். எட்டடி நீளமுள்ள நாகமுலாம் பூசிய இரும்புக் குழாயைச் செங்குத்தாகப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, அதன் தலையிலிருந்து கம்பியை மெயின் போர்டுக்குக் கொண்டு வருவது நம் பக்க வழக்கம். வீடு கட்டிய ஆண்டில் செய்தது. அதன்பின் அதை எட்டிப் பார்த்தவர் எவரோ! கோடையில் மண் வறண்டால் மின்சாரம் இறங்காது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டுக் கம்பியும் குழாயும் சேரும் பிடி துருவேறிப் போகும். மணற்பாங்கான நிலமானால் ஈரம் தங்காது. கியூபெக்கின் பாறைக்கும் நம் வறண்ட மணலுக்கும் இவ்விஷயத்தில் உறவு நெருக்கமானது.

அடுத்து, சமையலறைக்கு வருவோம். மூன்று முனைப் பிளக்கில் மேலே உள்ள முனை மற்றவற்றினும் நீளமாகவும் தடித்தும் இருப்பதைத் தாய்மார்கள் கவனித்திருக்கலாம். செருகும்போது மற்ற இரண்டும் தொடுமுன் எர்த் தொட வேண்டும், உருவும்போது எல்லாவற்றிற்கும் பின்னரே அது விலக வேண்டும் என்பதற்காக நீளம். மின்சாரமுள்ள துளையில் தவறியும் நுழையக் கூடாது என்பதற்காகத் தடிமன். இத்தனை சிந்தித்து அமைத்த முனையைத்தான், "சுவரில் இரண்டு துளைதானே இருக்கிறது" என்று முறித்து எறிகிறோம். கப்பலில் ஊசியை முன்கூட்டி உருவியவர்களும் வேலை முடியட்டும் என்றுதான் செய்தார்கள். எர்த் இல்லாத கிரைண்டரில் உள்ளே ஒரு கம்பி தேய்ந்து உடற்பகுதியைத் தொட்டால், ஈரக்கையுடன் மாவைத் தள்ளும் பெண்ணின் உடலே மின்சாரத்திற்குக் கால்வாயாகும். இதனினும் கொடியது, எர்த் கம்பி இழுக்கச் சோம்பி நியூட்ரலையே எர்த் துளையில் இணைத்துவிடும் வழக்கம். நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் பெட்டியின் உடல் முழுதும் மின்சாரம் நிற்கும். அவ்வாறு செய்யும் வயர்மேனைத் தயவு தாட்சணியமின்றித் திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. காப்பானிலிருந்து மெயின் போர்டின் எர்த் பட்டை வரை செல்லும் கம்பி எவ்வளவு குறுகியதாக இருக்கிறதோ அவ்வளவு நன்று. மின்பெருக்கு விரைந்து ஏறுவதால் நேரான கம்பியும் அதனை எதிர்க்கும். மிதமான பெருக்கிலேயே ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ ஆயிரம் வோல்ட் என்பது கணக்கு. காப்பானை ஒரு மூலையிலும் எர்த் பட்டையை மறு மூலையிலும் வைத்து, இடையே கம்பியைச் சுருட்டிச் சுருட்டிக் கட்டி அழகு பார்த்தால், காப்பான் இறக்கியதைக் கம்பி ஏற்றிவிடும். இருபுறக் கம்பியும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும் என்பது வல்லுநர் விதி.

ஜமாஅத் நிர்வாகிகளும் முத்தவல்லிகளும் இவ்விடத்தைச் சற்றே கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். ஊரில் மிக உயர்ந்த கட்டடம் பெரும்பாலும் நம் பள்ளிவாசலின் மினாராவே. அதன் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய்கள். அவற்றிலிருந்து எழுபது, எண்பது அடி நீளத்தில் இறங்கும் கம்பி நேரே ஆம்பிளிபையருக்குள் நுழைகிறது. இடியின் அதிர்வை வாங்க இதனினும் ஏற்ற கம்பியை யாராலும் அமைக்க முடியாது! உச்சியில் இடிதாங்கி வைத்திருக்கிறோமே என்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் வகுத்த அந்த இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். ஆம்பிளிபையரைக் காப்பது அதன் வேலையன்று. இடிதாங்கியின் செப்புப் பட்டை மினாராவின் வெளிப்புறமாக, கூர்வளைவுகள் இன்றி நேரே மண்ணுக்குள் இறங்க வேண்டும். ஒலிபெருக்கிக் கம்பியை அதனுடன் சேர்த்துக் கட்டவே கூடாது. இடிதாங்கிக்கு ஓர் எர்த், மெயின் போர்டுக்கு ஓர் எர்த் எனத் தனித்தனியே வைத்துவிட்டு இரண்டையும் இணைக்காமல் விடுவதும் தவறு. இடி இறங்கும் நொடியில் ஒரு குழியின் மண் பல்லாயிரம் வோல்ட் உயர்ந்து நிற்கும், மற்றது கீழே நிற்கும். அந்த வேறுபாடு ஆம்பிளிபையரின் வழியாகவே சமனாகப் பார்க்கும். எல்லா எர்த்தும் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். கடும் இடி முழங்கும் வேளையில் முஅத்தின் மைக்கைப் பிடித்துப் பாங்கு சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒலிபெருக்கி இன்றிச் சொன்னாலும் பாங்கு பாங்கே.

இதுவரை கூறியது நொடிப்பொழுதுப் பெருக்கு. இதனோடு பலர் குழப்பிக்கொள்ளும் வேறொரு பகைவன் உண்டு. அதுதான் நியூட்ரல் அறுதல். டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். பொது நியூட்ரல் கம்பத்தில் அறுந்தால், வெவ்வேறு பேஸிலுள்ள வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள நேரிடும். அப்பங்கீட்டில் குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீட்டிற்கே அதிக வோல்ட் போய்ச் சேரும். சிக்கனமாக ஒற்றை விளக்கோடு இருந்தவர் வீடுதான் முதலில் எரியும் என்பது விந்தையான அநீதி! சில விளக்குகள் கண்கூசும்படி எரிந்து, மற்றவை மங்கினால் உடனே மெயினை நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள். இங்கே மின்பெருக்குக் காப்பான் உதவாது. நொடிப்பொழுது வெள்ளத்துக்குக் கட்டிய கலிங்கின் மீது நிமிடக்கணக்கில் ஆறு பாய்ந்தால், அந்த வில்லையே சூடேறித் தீப்பற்றும். வோல்ட் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் தனிக் கருவியே இதற்குத் தேவை. அதுபோலவே ஸ்டெபிலைசர் மெல்ல ஏறி இறங்கும் வோல்ட்டைச் சீராக்கும். இடியின் வேகத்திற்கு அது விழிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எம்.சி.பி. சுவிட்சும் அப்படியே. பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள பெட்டிகளுக்கு இவற்றுள் எது எதற்கு என்று அறியாமல் காவல் வைப்பது, திருடனுக்கு அஞ்சிக் கொசுவலை கட்டுவதை ஒக்கும்.

இத்தனை காவல் செய்தும் நேரடியாக இடி விழுந்தால் வீட்டுக் காப்பான் முழுதும் தாங்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆகவே, பழைய முறையே சிறந்தது. இடி நெருங்குமுன் பிளக்கை உருவி விடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளியை ஆயிரக்கணக்கான வோல்ட் தாவிவிடக்கூடும். தொலைக்காட்சிக்கு மின்சாரக் கம்பியை உருவிவிட்டு, மொட்டைமாடித் தட்டிலிருந்து வரும் கேபிளை அப்படியே விட்டுவிடுவோர் பலர். அதுவும் ஒரு வாசலே. மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்க மூன்று நொடி ஆனால் ஒரு கிலோமீட்டர் தொலைவு என்பது கணக்கு. முப்பது நொடிக்குள் கேட்கத் தொடங்கிவிட்டால் மாடியில் துணி எடுக்கவும் பிள்ளைகளை விடாதீர்கள். பிளக்கையும் அப்போது தொட வேண்டாம். உருவும் வேளை கடந்துவிட்டது. பெட்டி போனால் போகட்டும். நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாகின்றனர். திறந்தவெளியிலும் மரத்தடியிலும் நின்றவர்கள் அவர்களுள் மிகுதி.

மெயின் போர்டில் காப்பான் வைத்திருப்போர், அதன் முகப்பிலுள்ள சிறு சாளரத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு பெருக்கும் வில்லையைச் சிறிது தேய்க்கிறது. பச்சை சிவப்பாக மாறியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்றிவிட வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் ஒரு நல்ல மின்பணியாளரை அழைத்து எர்த் குழியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். துருவேறிய பிடியைத் தேய்த்து இறுக்கவோ மாற்றவோ சொல்லி, எர்த்தின் மின்தடையைக் கருவி வைத்து அளந்து அந்த எண்ணை மெயின் போர்டின் கதவில் தேதியுடன் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அளக்கும்போது மண் எவ்வளவு வறண்டிருக்கிறது என்பதை அந்த எண்ணே காட்டிவிடும்.